பாப் ஸ்மியரில் மாற்றம் என்று வந்தால்: காத்திருக்கலாமா, எச்.பி.வி. பார்க்கலாமா, நேரே கால்போஸ்கோபியா?

கர்ப்பப்பை வாயில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ உண்டா என்று செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது பாப் ஸ்மியர். அந்த ரிப்போர்ட்டில் ஏதோ மாற்றம் இருக்கிறது என்றதும் வீட்டில் இரண்டு யோசனைகள் கிளம்பும். "ஒன்றும் இருக்காது, ஆறு மாசம் போகட்டும், இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்" என்பது ஒன்று. "பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு அது? கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் நிம்மதி" என்பது இன்னொன்று. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ரிப்போர்ட்டைத்தான் யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். முதல் யோசனை சில ரிப்போர்ட்டுகளுக்குச் சரி, சிலவற்றுக்கு ஆபத்து. இரண்டாவது, பாப் ரிப்போர்ட் ஒன்றை மட்டும் நம்பி எடுக்கும் முடிவாக இருந்தால், எந்த ரிப்போர்ட்டுக்கும் பொருந்தாது.

நடுவில் இருக்கும் வழிகள் மூன்று. சில மாதம் கழித்துப் பாப்பையே மறுபடி எடுப்பது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று சோதனை செய்வது, கால்போஸ்கோபி என்னும் உருப்பெருக்கிக் கருவியால் கர்ப்பப்பை வாயை நேரடியாகப் பார்ப்பது. எதைத் தேர்வது என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது, அடுத்த தடவை உங்களால் திரும்பி வர முடியுமா. முதலாவதை டாக்டர் பார்த்துக்கொள்வார். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரிப்போர்ட்டில் எந்த வரி?

எந்த லேபில் எடுத்தாலும் பாப் ரிப்போர்ட் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் வரும். 1988-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் நிபுணர்கள் கூடி வகுத்த முறை அது. பிறகு சில முறை திருத்தினார்கள். பெயர், வயது, கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாம் முடிந்ததும், எடுத்த மாதிரி சோதிக்கப் போதுமானதா என்று ஒரு வரி இருக்கும். "அன்சாட்டிஸ்ஃபாக்டரி" என்று அங்கே இருந்தால், செல்கள் போதவில்லை அல்லது ரத்தமும் சீழும் மறைத்துவிட்டன என்று பொருள். நோய் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். "ஒன்றும் போடவில்லையே" என்று ஃபைலில் சொருகிவிடுவது தப்பு.

அதற்குக் கீழே முடிவு. நம் ஊரில் அதிகம் பேரைத் தூங்கவிடாமல் செய்வது "இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்" என்ற வரிதான். அதற்கு மேலேயே என்.ஐ.எல்.எம். என்று போட்டிருப்பார்கள். புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ காணப்படவில்லை என்பதற்கான சுருக்கம் அது. ஆக, இது வெறும் அழற்சி. வெள்ளைப்படுதல், அரிப்பு, நாற்றம் இருந்தால் எந்தக் கிருமி என்று பார்த்து மருந்து தருவார்கள். தொந்தரவே இல்லையென்றால் பலருக்கு மருந்துகூட வேண்டாம், வழக்கமான இடைவெளியில் அடுத்த சோதனை போதும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு "அட்ரோஃபிக்" என்று வருவதும் இதே ரகம். ஈஸ்ட்ரோஜன் குறைந்து செல்கள் மெலிந்திருக்கும். சில சமயம் அந்த மெலிந்த செல்களே சந்தேகத்துக்கு இடமாகத் தெரியும். டாக்டர் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் சில வாரம் போடச் சொல்லி மறுபடி எடுத்தால் படம் தெளியும்.

உண்மையான மாற்றங்கள் ஐந்து பெயரில் வரும். ஏ.எஸ்.சி.-யு.எஸ். என்றால் செல் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது, ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்.எஸ்.ஐ.எல். என்றால் லேசான மாற்றம், பெரும்பாலும் எச்.பி.வி. தொற்றின் அடையாளம். எச்.எஸ்.ஐ.எல். என்றால் தீவிர மாற்றம். ஏ.எஸ்.சி.-எச். என்றால் தீவிர மாற்றமாக இருக்குமோ என்ற சந்தேகம். ஏ.ஜி.சி. தனி வகை, சுரப்பிச் செல்களில் வரும் மாற்றம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாப் எடுக்கும்போது மேலாகச் சுரண்டி வரும் தனித்தனிச் செல்களைத்தான் பார்க்கிறார்கள். மாற்றம் தோலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அதில் தெரியாது. அதைச் சொல்வது சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி. அதன் முடிவு சி.ஐ.என். 1, 2, 3 என்று எண்ணில் வரும். எண் கூடக் கூட, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் அவ்வளவு தீவிரம் என்று பொருள். சிகிச்சை முடிவு பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான் எடுக்கப்படுகிறது.

ஏ.எஸ்.சி.-யு.எஸ்.: இங்கேதான் உண்மையில் தேர்வு இருக்கிறது

இந்த ரிப்போர்ட் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் இருக்காது. ஒரு சிறு பங்கினருக்கு உள்ளே சி.ஐ.என். 2 அல்லது 3 ஒளிந்திருக்கும். அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க எல்லாரையும் கால்போஸ்கோபிக்கு அனுப்புவதா, அல்லது வடிகட்டி அனுப்புவதா? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஆயிரக்கணக்கான பெண்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. எச்.பி.வி. சோதனையை வடிகட்டியாக வைத்தால், நேரே கால்போஸ்கோபி செய்து கண்டுபிடிக்கும் அளவுக்கே நோயும் பிடிபட்டது, கால்போஸ்கோபிக்குப் போக வேண்டியவர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தார்கள்.

அதனால் 30 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஏ.எஸ்.சி.-யு.எஸ். வந்து, கையில் காசும் இருந்தால், என் ஓட்டு எச்.பி.வி. சோதனைக்கு. நெகட்டிவ் என்றால் மூன்று வருடம் கழித்து வந்தால் போதும். பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி. பாப்புக்குச் சில நூறு ரூபாய் ஆகும் இடத்தில் எச்.பி.வி.க்கு ஆயிரங்கள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் பாப்பை மறுபடி மறுபடி எடுக்க வந்துபோகும் பஸ் செலவையும், விடுப்பு போட்டு இழக்கும் கூலியையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. திரவத்தில் போட்டு எடுத்த பாப்பாக இருந்தால் மிச்சமிருக்கும் அதே மாதிரியிலேயே எச்.பி.வி.யும் பார்க்கலாம், மறுபடி மேஜையில் படுக்க வேண்டாம். லேபில் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

எச்.பி.வி. வசதி இல்லையென்றால் ஒரு வருடம் கழித்துப் பாப்பை மறுபடி எடுப்பது ஏற்கத்தக்க வழிதான். வருவோம் என்ற உறுதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை எடுக்கும் பாப் உண்மையான மாற்றங்களில் கணிசமானவற்றைத் தவறவிடும் சோதனை. திரும்பத் திரும்ப எடுப்பதால்தான் அது பலிக்கிறது. வெளியூரில் வேலை, கணவர் துபாயில், மாமியார் படுக்கையில் என்று இருக்கிற வீட்டில் "ஒரு வருடம் கழித்து" என்பது பல சமயம் வராமலே போகும். அப்படிப்பட்டவர் டாக்டரிடம், "எனக்கு மறுபடி வருவது கஷ்டம், இப்போதே கால்போஸ்கோபி பார்த்துவிடலாமா?" என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கதை தலைகீழ். அந்த வயதில் எச்.பி.வி. வருவதும் போவதும் சகஜம். தொற்றுகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது இரண்டு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அவர்களுக்கு எச்.பி.வி. சோதனை வீண் பயத்தைத்தான் தரும், காத்திருந்து பாப்பை மறுபடி எடுப்பதே நல்லது.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்ததும் சில வீடுகளில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. உடலுறவால் பரவும் வைரஸ் என்று கூகுளில் படித்துவிட்டு யாரிடமிருந்து, எப்போது என்று விசாரணை நடக்கும். உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்துபோகும் தொற்று இது. பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு சோதனையில் தென்படவும் செய்யும். இன்று பாசிட்டிவ் என்பதை வைத்துக் கணவரையோ மனைவியையோ குற்றம் சொல்ல முடியாது. இந்தச் சண்டைக்குப் பயந்தே சோதனையை மறுப்பவர்கள் இருப்பதால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்.எஸ்.ஐ.எல்.லுக்கு எச்.பி.வி. வடிகட்டி அவ்வளவாக உதவாது. ஐந்தில் நான்கு பேருக்குப் பாசிட்டிவ்தான் வரும், அப்புறம் எதை வடிகட்டுவது? 25 வயதுக்கு மேல் என்றால் கால்போஸ்கோபிக்கே போய்விடலாம். எச்.பி.வி. ஏற்கெனவே பார்த்து நெகட்டிவ் என்று தெரிந்தவர் மட்டும் ஒரு வருடம் காத்திருக்கலாம்.

எச்.எஸ்.ஐ.எல்.: இதில் காத்திருப்பது ஒரு வழியே இல்லை

தீவிர மாற்றம் என்று வந்த பிறகு "எதற்கும் இன்னொரு லேபில் பாப் எடுத்துப் பார்ப்போம்" என்பார்கள். அங்கே நார்மல் என்று வந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாப் தவறவிடும் சோதனை என்பதால் இரண்டாவது நார்மல் முதலாவதை ரத்து செய்யாது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அதே கண்ணாடி ஸ்லைடை வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டலாம். ஸ்லைடைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திடம் ஒரு வேதனையான விடை இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில் 1966 முதல், ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியரின் யோசனைப்படி, இன்று சி.ஐ.என். 3 என்று சொல்லப்படும் மாற்றம் இருந்த பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அது புற்றுநோயாக மாறாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்தப் பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 1987-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை அதை வெளிக்கொண்டுவந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து 1988-இல் அறிக்கை வந்தது. பின்னாளில் அந்தப் பெண்களின் பதிவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது, போதிய சிகிச்சை கிடைக்காதவர்களில் 30 வருடத்தில் சுமார் 31 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களில் அது 0.7 சதவீதம்.

இந்தக் கணக்கில் இன்னொரு சேதியும் இருக்கிறது. சி.ஐ.என். 3 புற்றுநோயாவதற்கு வழக்கமாக வருடங்கள் ஆகும். எனவே எச்.எஸ்.ஐ.எல். ரிப்போர்ட்டோடு அன்று ராத்திரியே ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். சில வாரத்துக்குள் கால்போஸ்கோபி நடந்தால் போதும். ரிப்போர்ட்டைக் காட்டி "நாளைக்கே அட்மிட் ஆகுங்கள்" என்று அவசரப்படுத்தும் இடத்தில் நான் எழுந்து வந்துவிடுவேன். ஆனால் உடலுறவுக்குப் பிறகோ மாதவிலக்கு நின்ற பிறகோ ரத்தம் பட்டால், நாற்றமுள்ள நீர் கசிந்தால், பாப் ரிப்போர்ட் நார்மலாகவே இருந்தாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

ஏ.எஸ்.சி.-எச். வந்தாலும் கால்போஸ்கோபிதான், எச்.பி.வி. எதுவானாலும்.

ஏ.ஜி.சி. அரிதாக வரும், ஆனால் அதிகக் கவனம் கேட்கும். சுரப்பிச் செல்கள் கர்ப்பப்பை வாயின் உட்குழாயிலிருந்தும் வரலாம், கர்ப்பப்பையின் உள்ளிருந்தும் வரலாம். அதனால் கால்போஸ்கோபியோடு உட்குழாயையும் சுரண்டி எடுப்பார்கள். 35 வயதுக்கு மேல் என்றாலோ, ஒழுங்கற்ற ரத்தப்போக்கு இருந்தாலோ, கர்ப்பப்பை உட்சுவரிலிருந்தும் சதை எடுத்துப் பார்ப்பார்கள். "கர்ப்பப்பை வாயில் பிரச்சினை என்று சொல்லிவிட்டு ஏன் உள்ளே எடுக்கிறார்கள்?" என்று சந்தேகப்பட வேண்டாம். பாப்பை மறுபடி எடுப்பதோ எச்.பி.வி. மட்டும் பார்ப்பதோ இங்கே போதாது.

கால்போஸ்கோபி அறையில்

பெயர் பெரிதாக இருப்பதால் ஸ்கோப்பை உள்ளே விடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். கருவி வெளியேதான் நிற்கும். பாப் எடுக்கும்போது பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்க வைத்த அதே ஸ்பெகுலம் கருவியை வைத்துவிட்டு, பஞ்சில் அசிட்டிக் அமிலத்தை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றுவார்கள். வினிகர் வாசனை அடிக்கும், லேசாக எரியும். ஒரு நிமிடம் பொறுத்தால், மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தடித்துத் தெரியும். பிறகு அயோடின் தடவினால் நல்ல இடம் கரும்பழுப்பாகும், மாற்றம் உள்ள இடம் கடுகு மஞ்சளில் நிற்கும். பல மருத்துவமனைகளில் திரையில் உங்களுக்கே காட்டுவார்கள். பார்க்கக் கேளுங்கள், வெள்ளைத் திட்டு எவ்வளவு பெரிது என்று கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்து டாக்டர் சொல்வது புரியும்.

சந்தேக இடத்திலிருந்து அரிசி அளவு சதை எடுப்பார்கள். நறுக்கென்று கிள்ளியது போல இருக்கும். ரத்தம் நிற்க மஞ்சள் நிறக் களிம்பு ஒன்று தடவுவார்கள். அதனால் அடுத்த சில நாள் காபித்தூள் போலக் கறுப்பாக வெளியே வரும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பிவிட்டால் வீட்டில் ஒரே கலவரம்தான். மாதவிலக்கு இல்லாத நாளில் போக வேண்டும். முந்தைய இரண்டு நாள் உள்ளே மாத்திரை, க்ரீம், உடலுறவு வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலும் கால்போஸ்கோபி செய்யலாம், தேவைப்பட்டால் பயாப்சியும் எடுக்கலாம். உட்குழாயைச் சுரண்டுவதை மட்டும் தவிர்ப்பார்கள். புற்றுநோய் என்ற சந்தேகம் இல்லாதவரை சிகிச்சையைப் பிரசவம் வரை தள்ளிவைப்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாசிட்டிவ் என்றால்

தமிழ்நாட்டின் அரசு நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு நர்ஸ்கள் செய்துவந்திருக்கும் சோதனை பாப் அல்ல, வி.ஐ.ஏ. கால்போஸ்கோபியில் ஒற்றும் அதே அமிலத்தைத் தடவி, வெறும் கண்ணால் பார்ப்பது. லேப் வேண்டாம், முடிவு அந்த நிமிடமே தெரியும். குறை என்னவென்றால், அழற்சியும் வெள்ளையாகத் தெரியும் என்பதால் வீணான பாசிட்டிவ் நிறைய வரும். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடுவதால் அவ்வளவு பொருந்தாது.

இதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-க்குப் பிறகு நடந்த பெரிய ஆய்வில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வி.ஐ.ஏ. செய்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு அதே வருகையிலேயே கால்போஸ்கோபியும், தேவைப்பட்டால் உறைய வைக்கும் கிரையோ சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வில் எச்.பி.வி. சோதனையை ஒரே ஒரு தடவை செய்ததிலேயே மரணம் ஏறத்தாழ பாதியானது. அங்கே பாப்பும் வி.ஐ.ஏ.வும் அப்படிச் சொல்லும்படியான குறைவைக் காட்டவில்லை. சோதனை என்ற அளவில் எச்.பி.வி.தான் மேல், உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல் அதைத்தான் முதல் சோதனையாகச் சொல்கிறது. ஆனால் திண்டுக்கல்லில் பலித்ததற்குக் காரணம், பார்த்த அன்றே சிகிச்சையும் முடிந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே வி.ஐ.ஏ. பாசிட்டிவ் என்று சொல்லி மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்தால் அந்தச் சீட்டோடு போங்கள். தனியாரில் பாப் எடுத்துச் சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு மாதங்களைக் கடத்த வேண்டாம். சுகாதார நிலையத்திலேயே சிகிச்சைக்கு வசதி இருந்து, திரும்பி வருவது சந்தேகம் என்றால், அன்றே செய்துகொள்வது நல்லது. வெள்ளைத் திட்டு தேவையில்லாமல் பொசுக்கப்பட்டிருந்தால் அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

சிகிச்சை என்று வந்தால்

சி.ஐ.என். 1-க்கு வழக்கமாகச் சிகிச்சையே வேண்டாம், கவனித்தால் போதும். சி.ஐ.என். 2-இல் கொஞ்சம் இழுபறி. இரண்டு வருடம் கவனித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தானாகவே குறைந்தது, 18 சதவீதத்தினருக்கு முற்றியது என்கிறது 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு. குழந்தை வேண்டும் என்று இருக்கும் இளம்பெண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவதாக இருந்தால் காத்திருக்கலாம். குடும்பம் முடிந்தவருக்கு நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். சி.ஐ.என். 3-க்குச் சிகிச்சைதான், கர்ப்பிணிகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

பொசுக்குவது (உறைய வைத்து அழிப்பதும் இதில் சேரும்), வெட்டி எடுப்பது என்று சிகிச்சை இரண்டு ரகம். கிரையோவில் வாயுவால் மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம் உறைய வைப்பார்கள். சிலிண்டர் தூக்கும் தொல்லை இல்லாத வெப்பக் கருவி 100 டிகிரியில் ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும். இரண்டுக்கும் மயக்க மருந்து வேண்டாம், செலவு குறைவு. கிரையோவுக்குப் பிறகு சில வாரம் பிறப்புறுப்பிலிருந்து தண்ணீராகக் கசியும், அது கிருமித் தொற்று அல்ல. ஆனால் பொசுக்கிவிட்டால் சோதிக்கச் சதை மிஞ்சாது. அதனால் திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உட்குழாய்க்குள் போயிருக்கக் கூடாது, புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது.

லீப் என்பது மரத்துப்போகும் ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியைச் செதுக்கி எடுப்பது. கால் மணி நேர வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். எடுத்த சதை லேபுக்குப் போகும், ஓரம் சுத்தமா என்று தெரியும், ஒளிந்திருக்கும் புற்றுநோயும் பிடிபடும். பாப்பும் கால்போஸ்கோபியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபோதும், மாதவிலக்கு நின்றவர்களுக்கும், ஏற்கெனவே பொசுக்கியும் திரும்ப வந்தவர்களுக்கும் இதுதான் பொருத்தம். இனி குழந்தை பெற இருப்பவர் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எவ்வளவு ஆழம் எடுப்பீர்கள்? ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது.

கர்ப்பப்பையை எடுக்கும் யோசனைக்கு இப்போது வருவோம். உள்ளே ஏற்கெனவே புற்றுநோய் இருப்பது தெரியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், அந்தப் புற்றுநோய்க்குச் செய்திருக்க வேண்டிய பெரிய அறுவைச் சிகிச்சையை அப்புறம் சரியாகச் செய்ய முடியாமல் போகும், கதிர்வீச்சு தேவைப்படலாம். புற்றுநோய் இல்லை என்றாலோ, கால் மணி நேர லீப்பில் முடிய வேண்டியதற்குப் பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். கூடவே சினைப்பையையும் எடுத்துவிட்டால், நாற்பது வயதில் எலும்புத் தேய்மானமும் உடல் கொதிப்பும் சேர்ந்துகொள்ளும். திரும்பத் திரும்ப வரும் சி.ஐ.என். 3, மறுபடி செதுக்க இடமில்லாத கர்ப்பப்பை வாய், சுரப்பிச் செல்லில் வரும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம், கட்டியோ கடும் ரத்தப்போக்கோ கூடவே இருப்பது என்று நியாயமான காரணங்கள் உண்டு. அவை எல்லாமே பயாப்சிக்குப் பிறகு வரும் காரணங்கள். கையில் பயாப்சி ரிப்போர்ட் இல்லாமல் ஆபரேஷன் தேதி குறித்தால், தேதியை விட்டுவிட்டு ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

எடுத்துவிட்டால் அதோடு தொல்லை விட்டது என்பதும் சரியில்லை. சி.ஐ.என். 2, 3-க்காகக் கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பிறப்புறுப்பின் மேல்முனையில் அதே மாற்றம் வரலாம், அவர்களும் சோதனைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். லீப்போ கிரையோவோ செய்துகொண்டவர்கள் ஆறு மாதத்தில் எச்.பி.வி. சோதனைக்கு வர வேண்டும், அது இல்லாத இடத்தில் பாப்புக்காவது. பிறகு வருடாவருடம் சில தடவை, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று குறைந்தது 25 வருடம் தொடர வேண்டும் என்கின்றன இன்றைய வழிகாட்டுதல்கள். இடையில் ஊர் மாறும், டாக்டர் மாறுவார். பயாப்சி ரிப்போர்ட்டில் லேப் போட்ட எண் இருக்கும், அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது ஊர் டாக்டர் பழைய சதையை மறுபடி பார்க்க விரும்பினால், அந்த எண்ணைச் சொன்னால்தான் பழைய லேபில் எடுத்துக் கொடுப்பார்கள்.